முகம் இல்லாத தாய்

தாயைப் புகழாத கவிஞனும் இல்லை. தாயை வரையாத ஓவியனும் இல்லை. ஆனால், தாயை முகமின்றி வரைந்த ஓர் ஓவியரைப் பற்றி நம் கல்லூரி நூலகத்தில் படித்த அன்று என் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அந்த முள்ளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

அவர்தாம் எம்.எஃப். உசேன். 1915ஆம் ஆண்டு பண்டரிபுரத்தில் பிறந்தவர். நடை பழகும் பருவத்திலேயே தாயை இழந்தவர். பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகள் வரைந்து வயிறு வளர்த்து, 1947இல் முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்து, உலகறிந்த கலைஞரானவர். பெற்றவளின் முகம் நினைவில் இல்லையே என்ற ஏக்கம் மட்டும் அவரை இறுதிவரை விடவில்லை.

1979இல் அன்னை தெரசாவுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அதையடுத்து உசேன் அன்னையை வரிசையாக வரையத் தொடங்கினார். நீலக்கரையிட்ட வெள்ளைச் சேலை இருக்கிறது. குழந்தையை ஏந்தும் கைகள் இருக்கின்றன. முக்காட்டுக்குள் முகம் மட்டும் இல்லை. அங்கே வெறும் இருள்!

தாய்மை ஒருத்திக்கு மட்டும் உரியதன்று, அதனால்தான் முகமில்லை என்பார்கள். மறுக்கவில்லை. ஆயினும், அறியாத முகத்தை அறிந்தவர்போல் வரைய அவர் கை ஒப்பவில்லை என்றே நான் எண்ணுகிறேன். 'என்னைப் பெற்றவள் யார்? நான் யார்?' என்று ஒரு பிள்ளை கேட்கும் கேள்வியன்றோ அந்த இருள்! வழக்குகளும் மிரட்டல்களும் சூழ 2006இல் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 2010இல் கத்தார் குடியுரிமை ஏற்று, 2011இல் இலண்டனில் மறைந்தார். தாய்முகம் காணாதவருக்குக் கடைசியில் தாய்மண்ணும் வாய்க்கவில்லை.

இனி என் கதை. ஏற்காட்டு மலையில் மாரமங்கலம் என் ஊர். பொங்கல் விடுமுறையில் என் அம்மாவை வரைய உட்கார்ந்தேன். இடுப்பில் கட்டிய சாக்கு வந்தது. காப்பிப் பழம் பறித்துக் கறை படிந்த விரல்கள் வந்தன. விறகுச் சுமையோடு மேடேறும் முதுகு வந்தது. முகம் வரவில்லை! விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பி, அடுப்புப் பக்கமே திரும்பியிருந்தவரை நான் முதுகாகவே பார்த்து வளர்ந்திருக்கிறேன். உசேனுக்கு விதி மறைத்த முகத்தை எனக்கு மறைத்தது எது? என் அலட்சியமே அல்லவா?

"அம்மா, கொஞ்சம் இப்படி உட்காரு" என்றேன்.

"என்னைய வரைஞ்சு என்ன ஆகப்போவுது? போய்ப் படிம்மா" என்று சிரித்தார். ஆனாலும் உட்கார்ந்தார். அப்போதுதான் இடப்புருவத்தின்மேல் ஒரு தழும்பைக் கண்டேன். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக! கேட்டேன். சிறுமியாக இருந்தபோது பலாமரத்திலிருந்து விழுந்ததாம். மரமேறுவதில் ஊர்ப் பையன்கள்கூட அவரை வெல்ல முடியாதாம். சொல்லும்போது அவர் கண்களில் ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். 'பெரியவன் அம்மா' என்றே ஊரார் அழைக்கும் அவருக்கு, அம்மா ஆவதற்கு முன்பும் ஒரு வாழ்வு இருந்தது என்பதை நான் எண்ணியதே இல்லை.

மேடைதோறும் தாயைத் தெய்வம் என்கிறோம். தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவளுக்குக் களைப்பு உண்டா, கனவு உண்டா என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா? அந்தப் புகழ்ச்சியும் ஒருவகை முக்காடுதான். அதை விலக்கி, பெயரும் தழும்பும் உடைய ஒரு பெண்ணாக அவளைக் காண்பதே உண்மையான கலை. உண்மையான நன்றியும் அதுவே.

நான் வரைந்த படம் நன்றாக இல்லை. மூக்கு கோணல். ஆனால் தழும்பு சரியான இடத்தில் இருக்கிறது.

தோழர்களே, தோழியரே! அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வரையத் தெரியாவிட்டால் குற்றமில்லை. பாராமல் இருப்பதே குற்றம்.

— மூன்றாமாண்டு வரலாறு மாணவி