பொறுப்பின் விலை என்ன?

எங்கள் திருநின்றவூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பூசலார் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கட்டக் கையில் பொருள் இல்லாத அந்த அடியார், மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை அமர்த்தி, நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டு, இரவிலும் உறங்காமல் கோயிலைக் கட்டி முடித்தார் என்று குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் பூசலாரின் கோயிலைக் காண இவ்வூருக்கே தேடி வந்தான் என்பதும் அக்கதையில் உண்டு.

நான் சிறுமியாக இருந்தபோது இக்கதையைக் கேட்டுவிட்டு, "பூசலாருக்கு யாரப்பா சம்பளம் கொடுத்தார்கள்?" என்று என் தந்தையிடம் கேட்டேனாம். அவர் சிரித்துவிட்டு, "மனத்தில் கட்டினால் சம்பளம் வேண்டாம் பாப்பா. மண்ணில் கட்டினால் வேண்டும்" என்றாராம்.

மண்ணில் கட்டுகிறவர்களின் சம்பளத்தைப் பற்றித்தான், அன்புத் தோழியரே, நான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நம்மைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. நெமிலிச்சேரி வழியாக வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை போடப்பட்டது. பட்டாபிராமில் 330 கோடி ரூபாய்ச் செலவில் 21 மாடி டைடல் பூங்கா எழும்பி, 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ ரயில் பாதை அமைக்கும் பணி, இரண்டாம் கட்டத் திட்டத்தின் ஒரு பகுதியாகும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு திட்ட மேலாளர் இருக்கிறார். வரைபடத்தைக் கட்டடமாக்குவது அவர் பொறுப்பு. எந்த நாளில் சிமெண்ட் வர வேண்டும், எத்தனை ஆள் வர வேண்டும், எந்த வேலை முடிந்தபின் எந்த வேலை தொடங்க வேண்டும், பணம் போதுமா, பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் அவரே. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று நற்செய்தியில் வரும் கேள்வியை மறைக்கல்வி வகுப்பில் படித்தோமே, அந்தக் கணக்கைப் போடுகிறவர் என்றும் சொல்லலாம்.

என் தந்தை அத்தகைய ஒரு மேலாளரின் கீழ் சூப்பர்வைசராக வேலை செய்கிறார். டிப்ளமோ படித்தவர். இருபத்தாறு ஆண்டுகளாகக் கட்டட வேலையில் இருக்கிறார். மேலாளருக்கு வயது முப்பத்தைந்துதான். ஆனால் அவருடைய சம்பளம் அப்பாவின் சம்பளத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு! இதை அம்மா வாயிலாகத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமன்று. "வெயிலில் நிற்பவர் அப்பா, ஏ.சி. அறையில் இருப்பவர் அவர். இது என்ன நியாயம்?" என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. எனவே நானே பதிலைத் தேடத் தொடங்கினேன்.

சம்பளத்தைத் தீர்மானிக்கும் காரணங்கள் பல.

முதலாவது, வேலையின் அளவு. இரண்டு மாடி வீட்டைக் கட்டுவதும், 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாயில் மெட்ரோ பாதை அமைப்பதும் ஒன்றாகுமா? கையில் இருக்கும் வேலையின் மதிப்பு உயர உயர, ஒரு நாள் தாமதத்தினால் வரும் நட்டமும் உயர்கிறது. அந்த நட்டத்தைத் தடுக்கக்கூடியவருக்கு அதிகம் கொடுக்க நிறுவனங்கள் தயங்குவதில்லை.

இரண்டாவது, கல்வியும் அனுபவமும். பொறியியல் பட்டம் இருந்தால்தான் பெரும்பாலான கதவுகள் திறக்கின்றன. அதற்குமேல் மேலாண்மைப் படிப்பு, ஒப்பந்தச் சட்ட அறிவு, கணினியில் வேலைத் திட்டம் வகுக்கும் திறமை ஆகியவை இருந்தால் சம்பளம் கூடுகிறது.

மூன்றாவது, இடம். ஒரே மனிதர் சென்னையில் செய்யும் வேலையைத் துபாயில் செய்தால் அதிகம் பெறுகிறார். அங்கே சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. நம் தெருவிலேயே எத்தனை வீடுகள் வளைகுடாப் பணத்தில் எழுந்தவை என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் கட்டுமான மேலாளர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 1,04,900 டாலருக்கு மேல் பெற்றனர் என்று அந்நாட்டு அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கூறுகிறது. ஆனால் அங்கே வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் நம் ஊர்போல் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நான்காவது, வேலை கொடுப்பவர் யார் என்பது. மத்திய அரசில் இளநிலைப் பொறியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய் என்றும், இந்தியப் பொறியியல் பணித் தேர்வில் வென்று உயர் பதவியில் சேருவோருக்கு 56,100 ரூபாய் என்றும் ஏழாவது ஊதியக் குழுவின்படி 2016-இல் வகுக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களில் இப்படி ஒரு பட்டியல் இல்லை. பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று.

ஐந்தாவது, காலம். 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபின் துபாயில் பல கட்டடங்கள் பாதியில் நின்றன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நம் நாட்டிலும் வேலைகள் நின்றுபோயின. அப்போது மேலாளருக்கும் வேலையில்லை, சித்தாளுக்கும் வேலையில்லை. கட்டடத் தொழிலில் வருமானம் மழைக்காலத்து ஏரியைப் போன்றது, நிறையும், வற்றும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின்னும் என் கோபம் தணியவில்லை. தணித்தது ஒரு நிகழ்ச்சி.

சென்ற ஐப்பசி மாதம், அப்பா வேலை செய்த கட்டடத்தில் ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். பதினான்காம் நாள் ஆனதும், சென்ட்ரிங்கைப் பிரித்து மேல் தளத்துக்கு எடுக்கும்படி கட்டடத்துக்கு உரியவர்கள் வற்புறுத்தினர். பொங்கலுக்குள் வேலை முடிந்தால் மேலாளருக்கு இரண்டு மாதச் சம்பளம் ஊக்கத்தொகை என்று ஏற்பாடு. அப்பா மேலாளரிடம் சென்று, "சார், ஆறு மீட்டருக்கு மேலே போகிற பீம் இருக்கிறது. மழை வேறு பெய்கிறது. இருபத்தொரு நாள் விட வேண்டும்" என்றாராம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 கூறும் கணக்கும் அதுவே. ஆறு மீட்டர் வரையுள்ள பீமின் அடி முட்டுக்களைப் பதினான்கு நாளிலும், அதற்கு மேற்பட்டதை இருபத்தொரு நாளிலும்தான் எடுக்கலாம். கான்கிரீட் பார்வைக்கு மூன்றாம் நாளே கல்லைப்போல் தோன்றும். ஆனால் அதன் முழு வலிமையை இருபத்தெட்டாம் நாளில்தான் சோதித்து அறிகிறார்கள்.

மேலாளர் சிறிது நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, "நீங்கள் சொல்வதுதான் சரி அண்ணே. பிரிக்க வேண்டாம்" என்று சொல்லி, பதிவேட்டில் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டாராம். பொங்கல் வந்தது, போனது. வேலை முடியவில்லை. ஊக்கத்தொகையும் கிடைக்கவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா இதைச் சொன்னார். "சொன்னது நீங்கள்தானே அப்பா?" என்றேன் நான். "சொன்னது நான். கையெழுத்து அவருடையது. நாளைக்கு ஏதாவது நடந்தால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள்" என்றார். முன்பு நான் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அப்போதுதான் கிடைத்தது.

"ஏதாவது நடந்தால்" என்று அப்பா சொன்னது வெறும் பேச்சன்று. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். அருகில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே தவறு செய்தவர் யார் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் ஒரு கட்டடத்தில் தவறு நேர்ந்தால் முதலில் விலை கொடுப்பது மிகக் குறைந்த கூலி பெறுகிறவரின் உயிர்தான் என்பதை அந்த 61 பேர் நமக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். திட்ட மேலாளருக்கு அதிகச் சம்பளம் கொடுப்பது தவறன்று. ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம். விரைவாக முடித்தால் பரிசு என்கிறோம். "நிறுத்துங்கள், இது ஆபத்து" என்று சொல்கிறவருக்கு என்ன பரிசு? அவர் தம் ஊக்கத்தொகையை அல்லவா இழக்கிறார்! நல்லவராக இருப்பதற்கு ஒருவர் தம் கைப்பணத்தைச் செலவிட வேண்டும் என்றால், எத்தனை பேர் நல்லவராக இருப்பார்கள்?

ஊக்கத்தொகை இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று சிலர் கூறலாம். அவர்களுக்கு நான் திரு. இ. ஸ்ரீதரன் அவர்களை நினைவூட்டுவேன். 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, இரயில்வேயில் இளம் பொறியாளராக இருந்த அவர் 46 நாட்களில் அதைச் சீரமைத்துக் கொடுத்தார். பின்னர் கொங்கண் இரயில் பாதையையும் டில்லி மெட்ரோவையும் உருவாக்கினார். பாம்பனில் அவர் பணியாற்றியது மாதந்தோறும் வரும் அரசுச் சம்பளத்துக்கு. அது விரைந்தால் ஏறுவதும் தாமதித்தால் குறைவதும் இல்லை. விரைவு குற்றமன்று. சரியாகச் செய்வதற்கும் சம்பளத்துக்கும் இடையே சண்டை மூட்டிவிடுவதுதான் குற்றம். காலத்தோடு முடிப்பதற்குப் பரிசு கொடுப்பவர்கள், விபத்தின்றி முடிப்பதற்கும், தர விதிகளைக் காத்ததற்கும் அதே அளவு பரிசு கொடுக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையெழுத்து மேலாளருடையது என்றாலும், "இருபத்தொரு நாள்" என்று நினைவூட்டிய அறிவு என் தந்தையுடையது. பட்டம் இல்லாத காரணத்தால் இருபத்தாறு ஆண்டு அனுபவத்துக்கு விலை இல்லாமல் போகலாமா? மேலாளருக்குக் குறைக்க வேண்டாம். அனுபவசாலிகளுக்குக் கூட்டுங்கள், அவர்களும் மேலே ஏற ஒரு படி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெண்களுக்கும் இதே நியாயம் வேண்டும். ஒரே கட்டடத்தில் ஒரே வேலை செய்தாலும் பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. அதன் கொள்கை 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? சித்தாளின் கூலிச் சீட்டிலும் அல்லவா தெரிய வேண்டும்!

நான் சிவில் எஞ்சினியரிங் படிக்கப் போகிறேன் என்றதும் என் அத்தை, "வெயிலில் நின்று ஆம்பிளைகளை வேலை வாங்குவது பொம்பிளைப் பிள்ளைக்கு ஆகுமா?" என்றார். நான் அவருக்குத் திருமதி அல்லாத ஒரு பெருமாட்டியின் கதையைச் சொன்னேன். பி.கே. திரேசியா என்பது அவர் பெயர். கேரளத்தைச் சேர்ந்தவர். நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் முதன்முதலாகப் படித்த மாணவியரில் ஒருவர். 1944-இல் சிவில் பட்டம் பெற்று, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். சாலைகளும் பாலங்களும் அவர் கையெழுத்தால் எழுந்தன. அத்தை அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தோழியரே, நாளை நம்மில் சிலர் மேலாளராவோம். பெரிய சம்பளம் கேட்போம்; கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் அது நாம் உட்காரும் நாற்காலிக்கான கூலியன்று, நாம் இடும் கையெழுத்துக்கான கூலி என்பதை மறவாதிருப்போம்.

எங்கள் வீட்டில் அந்த மேலாளரைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் இப்போது கோபப்படுவதில்லை. அப்பாவின் கட்டடத்தில் அந்தத் தளம் இன்று உறுதியாக நிற்கிறது. அதன் கீழே எத்தனையோ பேர் அஞ்சாமல் நடமாடுகிறார்கள். அந்த ஏழு நாட்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

— பத்தாம் வகுப்பு மாணவி, திருநின்றவூர்