கோப்பு உளது எனல் போதுமா?

என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் இன்று ஒரு நிறுவனத்தின் வழங்கிக் கணிப்பொறிகளைக் காக்கும் பணியில் இருக்கிறார். பொங்கல் விடுமுறைக்கு வந்தவர், கண்காணிப்பு மென்பொருள் விடுக்கும் எச்சரிக்கைகளுக்குத் தக்க தமிழ்ச் சொற்கள் வேண்டுமெனக் கேட்டார். பொருள் விளங்காமல் சொல் ஆக்குவது எங்ஙனம்? அம்மென்பொருள் என்ன செய்கிறது என்றேன். “இரவுதோறும் தரவுகளின் காப்புப்படி ஒரு கோப்பாக எழுதப்படுகிறது, ஐயா. அக்கோப்பு உளதா எனக் காலையில் பார்த்துச் சொல்லும்” என்றார். “எந்த நாளைய கோப்பு?” என்றேன். சற்றே விழித்தார்.

கோப்பு உளதா என்னும் ஒரே வினாவை வைத்துவிட்டுக் கண்காணிப்பு நடக்கிறது எனல், மேலேட்டைக் கண்டு சுவடி முழுதும் நலம் என்பதை ஒக்கும். உள்ளே செல்லரித்திருப்பதை மேலேடு சொல்லுமா? (கோப்பு என்னும் சொல்லே கோத்தலின் அடியாய்ப் பிறந்தது. ஆங்கிலர் வழங்கும் சொல்லும் நூலிழை எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லின் வழிவந்ததே. இழை அறுந்தால் ஏடு சிதறும் என்பதை இரு மொழியாரும் அறிந்திருந்தனர் போலும்.)

1999இல் வேறொரு பெயரில் வெளிவந்து, பின்னர் நாகியோசு எனப் பெயர்மாறிய கண்காணிப்பு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய சிறுகருவிகளுள் கோப்பின் அகவையை அளப்பது ஒன்று. நாம் எண் ஏதும் குறியாவிடின், கோப்பு எழுதப்பட்டு 240 நொடி கடந்ததும் அது எச்சரிக்கும். 600 நொடி கடந்ததும் பேரிடர் எனக் கூவும். நாளுக்கு ஒருமுறை எழுதப்படும் காப்புப்படிக்கு இவ்வெண் பொருந்துமா? நாள் முழுதும் கூவிக்கொண்டே இருக்கும். கேட்டுச் சலித்தவர் அதன் வாயை அடைத்துவிடுவர். மெய்யாகவே இடர் வரும் நாளில் கூவுதற்கு வாய் இராது. ஆதலின் படியெடுத்து முடிக்கும் நேரத்தையும் சேர்த்து, எச்சரிக்கைக்கு 26 மணி நேரம், அஃதாவது 93,600 நொடியும், பேரிடர்க்கு 30 மணி நேரம், அஃதாவது 1,08,000 நொடியும் வைத்தல் தகும் என்பேன்.

அகவை மட்டும் போதாது. சுழி அளவுள்ள வெற்றுக் கோப்பும் புதுக் கோப்பே. நாம் கீழெல்லை குறித்தாலன்றி அக்கருவி அளவைப் பாராது. வழக்கமான அளவில் பாதியையாவது கீழெல்லையாகக் குறித்தல் வேண்டும். கோப்பே இல்லாவிடினும் நலம் எனச் சொல்லவைக்கும் தெரிவு ஒன்றும் அதில் உண்டு! காப்புப்படிக்கு அதனை வைப்பது, வேலியைப் பிடுங்கி அடுப்பெரிப்பதாகும்.

இது வீண் அச்சம் அன்று. 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். நெடுநேரம் பழுதுபார்த்துக் களைத்த பொறிஞர் ஒருவர், துணை வழங்கி என எண்ணி முதன்மை வழங்கியின் தரவுகளை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் பிழையுணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட்டே. காப்புப்படியைத் தேடினர், படிகள் இருக்கவேண்டிய களஞ்சியம் வெறுமையாய்க் கிடந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, படியெடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பு. பொருந்தாமையால் அக்கருவி பிழைகூறி நின்றுபோயிருந்தது. பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் புறப்படத்தான் செய்தன. அனுப்புநரை உறுதிசெய்யும் ஒப்பம் அவற்றில் இல்லாமையால் ஏற்கப்படாமல் தள்ளுண்டன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்னர் கையால் எடுத்துவைத்த படி ஒன்றிருந்ததால் பிழைத்தனர். இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவுகள் மீளவில்லை. இத்தனையையும் மறைக்காது அந்நிறுவனமே எழுதி வெளியிட்டது, அந்நேர்மை போற்றத்தக்கது.

களைத்த பொறிஞரைக் குறைகூறுவார் உளர். நான் கூறேன். தோற்ற கருவியே தன் தோல்வியைத் தெரிவிக்கும் என நம்பியதே பிழை. வீட்டுப்பாடம் எழுதாத மாணாக்கன் தானே எழுந்து ‘எழுதவில்லை’ என்பான் எனக் காத்திருக்கும் ஆசிரியர் உண்டோ? ஏட்டை வாங்குவோம், நாளைப் பார்ப்போம், பக்கங்களை எண்ணுவோம், நடுவில் ஓரிடத்தைப் படித்தும் பார்ப்போம். காப்புப்படிக்கும் இந்நான்கும் வேண்டும். நான்காவது, படியைத் தனியே ஒரு பொறியில் மீட்டெடுத்துப் பார்த்தல். அதைத்தான் பலரும் செய்வதில்லை.

வழங்கியின் அமைப்புக் கோப்புகளுக்கோ நெறி தலைகீழ். காப்புப்படி நாள்தோறும் மாறவேண்டும். அமைப்புக் கோப்பு நாம் மாற்றினாலன்றி மாறலாகாது. 1992இல் அமெரிக்காவின் பர்தியூ பல்கலைக்கழகத்தில் சீன் கிம், யூசீன் இசுபாபோர்டு ஆகிய இருவர் உருவாக்கிய ‘திரிப்வயர்’ இதற்கெனவே எழுந்தது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்ணை முன்பே குறித்துவைத்து, பின்னர் ஒப்பிடும். குறித்த எண்களை அதே வழங்கியில் எழுதத்தக்க நிலையில் வைத்தால், புகுந்த திருடன் அவற்றையும் மாற்றிவிடுவான். வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.

மாணாக்கர் கேட்ட சொற்களுக்கு வருவோம். நாகியோசின் கருவிகள் சுழி, 1, 2, 3 என நான்கு விடைகளே தரும். நலம், எச்சரிக்கை, பேரிடர், அறியோம் என எழுதித் தந்தேன். ‘அறியோம்’ எதற்கு, நலத்தோடு சேர்த்துவிடலாமே என்றார். பார்க்க இயலாததை நலம் என எழுதுவது பொய்யன்றோ எனக் கேட்டேன். பேசாமல் தம் மடிக்கணினியைத் திறந்தார். அவர்தம் வழங்கியில் இருந்த காப்புப்படியின் அகவை பதினொரு நாள். அப்பதினொரு நாளும் காலைதோறும் அவருக்கு ‘நலம்’ என்றே வந்திருந்தது.