நட்டை முறுக்கினால் பிரேக் ஆகிவிடாது

இது கொஞ்சம் நீளமான பதிவு. கோபமாகவும் எழுதியிருக்கிறேன். என் கோபம் வகுப்பிலேயே உங்களுக்குப் பழக்கமானதுதான். பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவன் ஒருவன் விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கு வீடு மாதிரியான ஒரு வண்டி வைத்திருக்கிறான். படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. ஓரிடத்தில் நிறுத்திப் பொத்தானை அமுக்கினால், வண்டியின் பக்கவாட்டுச் சுவர் ஒரு சின்ன அறையாகவே வெளியே நகர்ந்து வரும். போன வருடம் வீடியோ காலில் காட்டினான். அவ்வளவு கனமான அறையை இழுப்பது மெல்லிய எஃகுக் கம்பிகள். மோட்டார் சங்கிலியை இழுக்கிறது, சங்கிலி கம்பியை இழுக்கிறது, கம்பி கப்பிகளைச் சுற்றிக்கொண்டு நான்கு மூலைக்கும் போகிறது. அறை வெளியே வர ஒரு கம்பி, உள்ளே போக ஒரு கம்பி. ஒரு மூலையில் தொய்வு விழுந்தாலும் அறை கோணலாக நகரும்.

அன்றைக்கு அவன் அரை நாள் அந்தக் கம்பிகளோடுதான் உட்கார்ந்திருந்தான். "நட்டைத் தொடுறதுக்கு முன்னாடி கம்பியை முழுக்கப் பாக்கணும் சார். ஒரு புரி அறுந்திருந்தாலும் டைட் பண்ணக் கூடாது, மாத்திடணும்" என்றான். என் மாணவன் இப்படிப் பேசுகிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை பொங்கல் வரைதான் நீடித்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அப்பாவுடைய ஸ்கூட்டரில் என்னைப் பார்க்க வந்தான். நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். வாசலில் நின்ற வண்டியின் இடது பிரேக் லிவரைச் சும்மா பிடித்துப் பார்த்தேன். நேராகக் கைப்பிடியில் போய் முட்டியது.

"என்னப்பா இது?"

"அப்பா போன வாரம்தான் டைட் வெச்சாராம் சார்."

வருடத்துக்கு நாலு முறை நகரும் அறைக்கு அரை நாள். தினமும் அப்பா ஏறி உட்காரும் வண்டிக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. இதை அவனிடமே சொல்லிவிட்டேன். அவனும் இதைப் படிப்பான், கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் அவன் ஒருவன் மட்டுமா? உங்களில் எத்தனை பேர் வண்டி லிவரைப் பிடித்துப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது?

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், கரும்பு அரவைக் காலம். முண்டியம்பாக்கம் அருகே எனக்கு முன்னால் போன கரும்பு டிராக்டர் சட்டென்று நின்றது. இடது லிவரை அழுத்தினேன். 'டப்' என்று ஒரு சத்தம், லிவர் கனமே இல்லாமல் கைக்குள் வந்துவிட்டது. பயத்தில் வலது பிரேக்கை மொத்தமாகப் பிடித்தேன். சாலையில் கிடந்த கரும்புச் சோகையில் முன்சக்கரம் வழுக்கியது. இடது முழங்கை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. பின்னால் லாரி எதுவும் வராததால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

அதற்கு நாலு நாள் முன்புதான் பிரேக் டைட் வைத்திருந்தேன். மெக்கானிக் மேல் பழி போட மாட்டேன். "கேபிள் மாத்திடலாமா சார்?" என்று அவர் கேட்டார். "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம், இப்ப டைட் மட்டும் வை" என்று சொன்னது நான்தான். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

'டைட் வைப்பது' என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிரேக் கேபிளில் இரண்டு பாகம். உள்ளே பல எஃகுப் புரிகளை முறுக்கிய இன்னர் ஒயர். வெளியே அவுட்டர் என்கிற உறை. உள்ளே இருப்பது இழுக்கிறது, வெளியே இருப்பது அந்த இழுப்புக்கு எதிராகத் தாங்கி நிற்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு 1896-ல் காப்புரிமை வாங்கியவர் எர்னஸ்ட் பௌடன். அன்று முதல் இன்று வரை சூத்திரம் ஒன்றுதான்.

கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. லிவருக்குள் நிப்பிள் உட்காரும் இடத்தில், தினமும் நூறு முறை வளைந்து வளைந்து, புரிகள் ஒவ்வொன்றாகப் போகும். ஒரு புரி போனால் அதன் பாரம் மற்ற புரிகளின் மேல் ஏறும். கூடவே மழைநீர் உள்ளே இறங்கித் துரு பிடிக்கும். இன்னொரு பக்கம், டிரம்முக்குள் பிரேக் ஷூ தேய்ந்துகொண்டே வரும். இந்த இரண்டு நோய்க்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: லிவர் தொளதொளவென்று ஆகும்.

அந்த நட்டை நாலு சுற்று முறுக்கினால் லிவர் கெட்டியாகிவிடும். புரி அறுந்தது அறுந்தபடியே இருக்கும். ஷூ தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும். அறிகுறி மட்டும் காணாமல் போகும். காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் வேலைக்கு அனுப்புவது போல. இதைத்தான் நாம் பராமரிப்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதைக் கேட்பதற்கும் ஆள் இல்லை. ஷேர் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் எஃப்.சி. உண்டு. சொந்த இருசக்கர வண்டியை ஒருமுறை பதிவு செய்தால் 15 வருடத்துக்கு யாரும் பிரேக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. புகைக்குச் சான்று கேட்கிறார்கள், இன்ஷூரன்ஸ் கேட்கிறார்கள், ஹெல்மெட் கேட்கிறார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் சோதனைக்கு நிறுத்தும் காவலர் எவரும் என் லிவரை ஒருமுறை அழுத்திப் பார்த்ததில்லை. ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். பெரும்பாலான விபத்துகளுக்கு எழுதப்படும் காரணம் அதிவேகம். வேகம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நொறுங்கிக் கிடக்கும் வண்டியில், விழுவதற்கு முன் கேபிளில் எத்தனை புரி மிச்சம் இருந்தது என்று யார் எண்ணப் போகிறார்கள்?

"இப்ப எல்லாம் டிஸ்க் பிரேக் சார்" என்பீர்கள். உங்கள் வண்டியின் பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அங்கே இருப்பது டிரம்மும் கேபிளும்தான். உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் ஓட்டும் மொபெட்டில் கேட்கவே வேண்டாம். "சி.பி.எஸ். இருக்கு சார்" என்பீர்கள். உண்மை. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி. வரையுள்ள புது வண்டிகளுக்குச் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம். ஒரு லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் கேபிளில் இயங்கும் வண்டியில் ஒரு பக்கக் கேபிள் தொய்ந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போக வேண்டிய பங்கு போகாது. அமெரிக்காவில் அறை கோணலாக நகர்ந்த கதைதான். சட்டம் கேபிளைக் கொடுத்தது. அதைக் கவனிப்பது நம் வேலை.

என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருடம் உங்களுக்கு உராய்வு நடத்தினேன், நெம்புகோல் நடத்தினேன், கப்பி நடத்தினேன். படம் வரைந்து பாகம் குறித்தீர்கள், 5-க்கு 5 போட்டேன். வகுப்புக்கு வெளியே ஸ்டாண்டில் வரிசையாகச் சைக்கிள்கள் நின்றன. ஒருநாள்கூட உங்களை அங்கே அழைத்துப்போய் லிவரைப் பிடிக்கச் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை இப்போது நடத்துகிறேன்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். லிவரை லேசாக இழுங்கள். நுனியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆட்டம் இருப்பது சரி. துல்லியமான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். லிவர் பக்கம் நிப்பிளையும், சக்கரத்தின் பக்கம் ஒயர் முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு புரி பிரிந்திருந்தாலும், துருவேறியிருந்தாலும், அவுட்டர் மடிந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள், முறுக்காதீர்கள். பிறகு பிரேக்கை முழுக்கப் பிடித்துக்கொண்டு டிரம் பக்கம் பாருங்கள். கேபிள் இழுக்கும் கையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது டிரம் மூடியில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது என்று அர்த்தம். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நட்டைத் தொடுங்கள். முறுக்கியபின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் ஷூ உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடாகும். எண்ணெய் விடுகிறேன் என்று டிரம்முக்குள் விட்டுவிடாதீர்கள். ஷூவில் எண்ணெய் பட்டால் உராய்வே போய்விடும்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். நானும் செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள். ஆனால் அதற்கு முந்தின நாள் கேபிளையும் பாருங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இன்று ராத்திரி ஊருக்குப் போன் செய்யும்போது, "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பீர்கள். கூடவே "வண்டி பிரேக் கேபிள் எப்பப்பா மாத்தினீங்க?" என்றும் கேளுங்கள். "போன வாரம்தான் டைட் வெச்சேன்" என்று பதில் வந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள். பக்கத்திலிருக்கும் தம்பியையோ மச்சானையோ நாளைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பார்த்தவர்கள் கமெண்டில் 'பார்த்துவிட்டேன் சார்' என்று எழுதுங்கள். வருகைப்பதிவேடு எடுக்கப் போகிறேன்.