லாம் ச்சாவ்: சீட்டாட்ட மேசையிலிருந்து நீதிமன்றம் வரை போன சொல்

'கியாசு' என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் அது. ஹொக்கியன் தந்த சொல்.

கேன்டனீஸ் மொழியிலும் போட்டியைச் சொல்லும் சொற்கள் உண்டு. அவற்றில் கொஞ்சம் காரம் அதிகம்!

• போக் மெங்: உயிரைப் பணயம் வைப்பது. ராப்பகலாக உழைப்பவரையும் இப்படிச் சொல்வாங்க.

• ஜாங் பாங் தௌ: மண்டை உடையும் அளவுக்கு முட்டிமோதுவது. பேர்பெற்ற பள்ளியில் ஓர் இடம் பிடிக்க நடக்கும் போட்டி ஓர் எடுத்துக்காட்டு.

• லாம் ச்சாவ்: நான் தோற்றால் உன்னையும் சேர்த்து இழுப்பேன் என்பது.

மூன்றாவது சொல்தான் நீதிமன்றம் வரை போனது.

எங்கிருந்து வந்தது?

'லாம்' என்றால் கட்டிப்பிடிப்பது, 'ச்சாவ்' என்றால் வறுப்பது. நம்மில் பலர் விளையாடும் 'டாய் டீ' சீட்டாட்டத்திலிருந்து பரவியதாகச் சொல்லப்படுகிறது. ஆட்டம் முடியும்போது கையில் நிறைய சீட்டு மிஞ்சினா அபராதம் பல மடங்காகும். அதுக்குப் பேர்தான் 'ச்சாவ்'.

அரசியலுக்குள் எப்படி நுழைந்தது?

2019இல் ஹாங்காங் ஆர்ப்பாட்டங்களில் அது முழக்கமானது. எங்களுக்கு இழப்பு என்றால் உங்களுக்கும் இழப்புதான் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

2020 ஏப்ரலில் சட்டப் பேராசிரியர் பென்னி டாய், 'லாம் ச்சாவ்' நோக்கிப் பத்துப் படிகள் என்று கட்டுரை எழுதினார். சட்டமன்றத்தில் பெரும்பான்மை பிடிப்பது, வரவுசெலவுத் திட்டத்தை நிராகரிப்பது, தலைமை நிர்வாகியைப் பதவி விலக வைப்பது ஆகியவை அவற்றில் அடங்கும்.

ஜூன் 30ஆம் தேதி தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஜூலையில் எதிர்த்தரப்பு வேட்பாளர்களைத் தெரிவுசெய்ய நடந்த வாக்களிப்பில் 600,000க்கும் அதிகமானோர் கலந்துகொண்டனர்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2021இல் 47 பேர்மீது ஆட்சிக்கவிழ்ப்புச் சதிக் குற்றச்சாட்டு. வரவுசெலவுத் திட்டத்தை நிராகரிப்பது சட்டமன்றத்தின் உரிமை என்றது தற்காப்புத் தரப்பு. அந்தத் திட்டம் அரசியலமைப்பு நெருக்கடியை உண்டாக்கியிருக்கும் என்றனர் நீதிபதிகள். பென்னி டாயின் கட்டுரையும் ஆதாரங்களில் ஒன்று.

2024 நவம்பரில் 45 பேருக்குச் சிறைத்தண்டனை. பென்னி டாய்க்கு 10 ஆண்டு. இருவர் விடுவிக்கப்பட்டனர்.

ஒரே சொல்தான். சொன்னவர்களுக்கு அது பேரம் பேசும் உத்தி. வழக்குத் தொடுத்தவர்களுக்கு அது சதிக்கான சான்று. டாய் டீயில் தோற்றால் சீட்டைக் கலைத்து அடுத்த ஆட்டத்தைத் தொடங்கலாம். ஹாங்காங் அரசியலில் அந்த வாய்ப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை.