கொடுக்கிறவரின் துணிவும் வாங்குகிறவரின் சுமையும்



பனச்சமூட்டிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய ஒரு சகோதரர் என்னைக் காண வந்தார். அஸ்திபாரம் மட்டுமே போட்டிருந்த ஓர் அடுக்குமாடியில் வீடு வாங்க வாஞ்சித்தார். முன்பணத்துக்கு, ஊரிலே தகப்பனார் கட்டிய வீட்டை அடமானம் வைப்பது. மீதிக்கு வீட்டுக்கடன் பெறுவது. இதுவே அவருடைய திட்டம். ஊர் வீட்டில் அவருடைய தாயார் தனியே இருக்கிறார்.

"ஆபத்து இருந்தால் வங்கி கடன் தருமா, பாஸ்டர்?" என்று கேட்டார்.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் இப்படியே நினைக்கிறோம். ஆனால் வங்கி அளப்பது தன் ஆபத்தையே, நம்முடையதை அல்ல. 30 இலட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேலும், 75 இலட்சத்தைத் தாண்டிய கடனுக்கு 75 சதவீதத்துக்கு மேலும் தரலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விலை சரிந்தால் முதலில் கரைவது நாம் போட்ட பங்கு. அந்தப் பங்கையும் கடனாக வாங்கினவருக்கு எது மிஞ்சும்? தவணை தொடர்ந்து தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்தபின் வங்கி வழக்கின்றியே அடமான வீட்டை ஏலம் விடலாம்.

கடன் கொடுப்போரின் துணிவும் நிலையானதன்று. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியது. அதுவரை கட்டுநர்களுக்குத் தாராளமாய்க் கொடுத்துவந்த நிதி நிறுவனங்கள் கையை மடக்கிக்கொண்டன. அடுத்த கடனை நம்பியிருந்த கட்டடங்கள் பாதியில் நின்றன. வீடு பதிவு செய்தவர்களோ வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டினார்கள். 2019 நவம்பரில் டி.எச்.எஃப்.எல். நிறுவனத்தின் இயக்குநர் குழுவை ரிசர்வ் வங்கி நீக்கியது. அதிக வட்டியை நாடி அங்கே வைப்புத்தொகை போட்ட பலர் பெரும்பகுதியை இழந்தார்கள். நின்றுபோன வீட்டுத் திட்டங்களுக்காக 25,000 கோடி ரூபாய் நிதியை மத்திய அமைச்சரவை அதே மாதத்தில் அங்கீகரிக்க நேர்ந்தது.

வட்டியும் மாறும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாயிருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. 20 ஆண்டுக்கு வாங்கிய 30 இலட்சம் கடனில், வட்டி 7-லிருந்து 9.5 சதவீதமானால், மாதத்தவணை ஏறக்குறைய 23,260 ரூபாயிலிருந்து 27,960 ரூபாயாக உயரும்.

ஆகையால் கையொப்பமிடுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். அந்தத் திட்டம் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கிறதா? இரண்டு ஆண்டு தாமதமானால், வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட முடியுமா? ஆறு மாதம் வேலையில்லாவிட்டால்? அடமானம் வைக்கும் வீட்டில் வசிப்பவர் அதை அறிந்திருக்கிறாரா?

கடைசிக் கேள்விக்குச் சகோதரர் தலைகுனிந்தார். தாயாரிடம் அவர் சொல்லியிருக்கவில்லை.

கோபுரம் கட்ட விரும்பினவன் முதலில் செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் போதித்தாரல்லவா? அன்றிரவு அவரும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். இப்பொழுதும் வாடகை வீட்டிலேயே இருக்கிறார்கள். முன்பணத்தை மாதந்தோறும் சேர்த்து வருகிறார்கள். பனச்சமூட்டு வீட்டுப் பத்திரம் தாயாரின் பெட்டியிலேயே இருக்கிறது.