இரண்டு மாதம் சாத்தியே இருக்கட்டும்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் ஒரு சொல்தா நண்பர் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சென்ற வாரம் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பேச்சைக் கிளப்பினார். மூணாறு போக ஆசைப்பட்டாராம். இரவிகுளம் தேசிய பூங்காவைப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். "நம்மள மாதிரி கிழங்களுக்காவது ஒரு ஓரமா தொறந்து விடக்கூடாதா? இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறோம்?" என்றார். கூட இருந்த நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அங்கேயே பதில் சொன்னால் காலை காபி கசந்துவிடும் என்பதால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேட்டில் சண்டை போட்டவன் நான்.

பாண்டிச்சேரிக்காரனுக்கு உயரம் என்றால் கோரிமேடுதான். மலை என்பதை நான் முதலில் பார்த்தது பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில். அல்போன்ஸ் தோதே எழுதிய முசியே செகேன் வீட்டு ஆட்டின் கதையை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொழுவத்து ஜன்னல் வழியாகத் தப்பி மலைக்கு ஓடி, ராத்திரி முழுக்க ஓநாயோடு மல்லுக்கட்டி, விடிகாலையில் செத்துப்போகும் வெள்ளாடு. சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் இதுதான் கதி என்று வாத்தியார் பிரம்பைக் காட்டுவார். எனக்கோ அந்த மலைமேல் ஆசை வந்துவிட்டது.

ஆசை வந்தும் போகவில்லை. 2006-ல் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஆபீசில் தணிக்கை நேரம், லீவு கேட்கவே தயக்கம். பன்னிரண்டு வருஷம் கழித்து 2018-ல் மறுபடி பூக்கும் என்று எல்லா ஏற்பாடும் செய்தோம். அந்த ஆகஸ்டில் கேரளாவில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். மண் சரிந்து மூணாறுக்குப் பாதையே இல்லாமல் போயிற்று. பூ கிடக்கட்டும், வரையாட்டையாவது பார்த்துவிடுவோம் என்று சில வருஷம் கழித்து ஒரு பிப்ரவரியில் கிளம்பினோம். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் காரில் அழைத்துப் போனான்.

உடுமலைப்பேட்டை வழியாகப் போவதைத்தான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். அமராவதி அணையைத் தாண்டினால் சின்னார். மழை மறைவுப் பிரதேசம். வேலாமரமும் கள்ளியுமாக வறண்டு கிடக்கும். நம் ராமநாதபுரம் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். பிறகு மறையூர். வேலி போட்டுக் காவல் காக்கும் சந்தன மரக் காடு, கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் வாசனை. அதற்கு மேலே தேயிலை. தேயிலைக்கும் மேலே வெறும் புல்லும் பாறையும், இடுக்குகளில் மட்டும் கருகருவென்று சோலைக்காடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் நாலு ஊரைப் பார்த்த மாதிரி. என் மனைவி சின்னாரில் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள், மறையூர் தாண்டியதும் சால்வையைத் தேடினாள்.

கேட் மூடியிருந்தது.

ஏன் முன்கூட்டியே விசாரிக்கவில்லை என்று மகன் கேட்டான். எனக்குக் கோபம் வாட்சர் மேல் திரும்பியது. எத்தனை தூரத்திலிருந்து வருகிறோம், வயதைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று குரலை உயர்த்தினேன். கேரளாவில் செல்வாக்கு உள்ள ஒருவரைத் தெரியும் என்று முன்பு சொன்ன பழைய சகா ஒருவருக்குப் போனும் போட்டேன். அந்த வாட்சர், என் பேரன் வயது இருக்கும், நல்ல தமிழில் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, குட்டி போடுற நேரம். யார் சொன்னாலும் விட மாட்டோம். ஏப்ரல்ல வாங்க." போனை நீட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு, வாங்காமல் நின்றார்.

முப்பத்துநாலு வருஷம் அரசு ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்து, "தேதி முடிஞ்சுபோச்சு, அடுத்த மாசம் வாங்க" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஒரு காகிதம் குறைவு என்பதற்காக வெயிலில் நடக்கவிட்ட கிழவிகளில் இரண்டு மூன்று முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. நான் கட்டிக்காத்த விதிகளில் பாதி எதற்காகப் போடப்பட்டவை என்று எனக்கே தெரியாது. அந்தப் பையன் காத்த விதிக்குக் காரணம் இருந்தது. அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் மகன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதன் பிறகுதான் விஷயத்தைப் படித்தேன். பூங்காவின் மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். இமயத்துக்குத் தெற்கே உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் காலத்தில் இது அவர்களுடைய வேட்டைக்காடு. 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயம் ஆயிற்று, 1978-ல் தேசிய பூங்கா. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழும் வரையாடு, ஒரே இடத்தில் அதிகமாக இருப்பது இங்கேதான். சங்க நூல்களில் வருடை என்று வருவது இதுதான் என்கிறார்கள். நம் தமிழ்நாட்டு மாநில விலங்கும் இதுவே. ஆனைமுடிப் பக்கத்து உச்சிகளில், குட்டை மூங்கில் புதருக்குள் குடியிருக்கும் செக்கச்சிவந்த ஒரு தவளைக்கு 2010-ல்தான் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அந்த வட்டாரத்தை விட்டால் அதற்கு வேறு நாதியில்லை.

வரையாடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். ஜனவரி, பிப்ரவரிதான் அதற்குப் பருவம். சிறுத்தையும் செந்நாயும் சுற்றிவரும் மலையில், தாய் கொஞ்சம் மிரண்டு விலகினாலும் குட்டி தனித்துப்போகும். அந்த நேரத்தில் நாம் வரிசையாகப் போய், "ஏய் அதோ பாரு" என்று கத்தினால் என்ன ஆகும்?

நிற்க. சொல்தா நண்பருக்கு இன்னொரு வாதமும் உண்டு. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையில் வனுவாஸ் என்ற பூங்காவுக்குப் போயிருக்கிறார். அதுவும் மலையாட்டுக்காக 1963-ல் ஏற்படுத்தியதுதான். "அங்க இஷ்டத்துக்கு நடந்தேன். இங்க ஒரு தார் ரோட்டுல கொஞ்ச தூரம் நடக்க விட்டுட்டுத் திருப்பி அனுப்பறான்" என்கிறார். வாஸ்தவம். ராஜமலையில் வனத்துறை பஸ்ஸில் ஏற்றிப் போய் ஒரு துண்டு ரோட்டில்தான் நடக்க விடுகிறார்கள். ஆனால் வனுவாஸ் இதைப்போல ஐந்து மடங்கு பெரியது. அங்கே குளிர்காலத்தில் பனியே பாதையை அடைத்துவிடும். பூப் பறிக்கக் கூடாது, நாயைக் கூட்டிப்போகக் கூடாது. இதையெல்லாம் நண்பர் சொல்ல மாட்டார்.

அந்தத் துண்டு ரோடு போதும் என்பது என் கட்சி. சுற்றிலும் தேயிலை ஆகிவிட்ட மலையில், புல்வெளி இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது. அதை வெறும் பொட்டல் என்று நினைக்க வேண்டாம். அந்தப் புல்லும் சோலையும் பிடித்துவைக்கும் நீரில் ஒரு பங்கு பாம்பாறாக இறங்கி, அமராவதியாகி, கரூருக்குக் கீழே காவிரியில் சேர்கிறது.

அதே வருஷம் டிசம்பரில் மறுபடி போனோம். சனி ஞாயிறைத் தவிர்த்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை. மூட்டுவலி உள்ளவர்கள் மெதுவாக நடக்கலாம், ஏற்றம் உண்டு, அவசரம் வேண்டாம். மஞ்சு விலகியதும் ரோட்டோரப் பாறையில் ஏழெட்டு ஆடுகள். முதுகில் சாம்பல் சேணம் போட்டது போல ஒரு பெரிய கிடா தள்ளி நின்றது. ஜனங்கள் செல்போனை நீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார், காவலர் அதட்டினார். நான் அந்த வாட்சரைத் தேடினேன், மன்னிப்புக் கேட்கலாம் என்று. அகப்படவில்லை.

என் மனைவி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒரு பெட்டை ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாருங்க, வாயும் வயிறுமா நிக்குது. இந்த நேரத்துல நம்ம வீட்டுக்கே விருந்தாளி வந்தா ஆகாது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

"இன்னும் எத்தனை வருஷம்" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த குறிஞ்சி 2030-ல். எனக்கு அப்போது எழுபத்தொன்பது. பார்த்தாலும் பார்க்கலாம். ஆனால் வயதைக் காட்டிச் சலுகை கேட்க ஆரம்பித்தால், எங்களுக்குப் பின்னால் நோயாளி நிற்பார், அவருக்குப் பின்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு வாரம் லீவில் வந்தவர் நிற்பார். எல்லோருடைய காரணமும் நியாயமாகத்தான் இருக்கும். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தவனுக்கு அது தெரியும்.

இதையெல்லாம் நேற்று நண்பரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டிசம்பரில் உடுமலையிலிருந்து மூணாறுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார். சிபாரிசு ஏதாவது வேண்டுமா என்றேன். டிக்கெட் வரிசையில் உட்கார ஒரு மடக்கு நாற்காலி இருந்தால் கொடு என்றார்.