மலையேறிய நாயும் எங்கள் மணியும்

"ஒரு நாய் செத்துப் போனதற்கா ஒரு பக்கம்?" என்று கேட்கும் வாசகர்கள் இப்போதே புரட்டிக்கொண்டு தொடர்கதைக்குப் போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை. போன வாரம் கதாநாயகியை ரயிலடியில் தன்னந்தனியாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார் கதாசிரியர். அவள் கதி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு சாவகாசமாகத் திரும்பி வாருங்கள். அதுவரை மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பாறை ஏறுகிற விஷயம். நாங்கள் நண்பர்கள் நாலு பேர். ஒருவர் பாங்கில் காஷியர். ஒருவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். இன்னொருவர் என்ன செய்கிறார் என்பது அவர் வீட்டாருக்கே புரியாத கம்ப்யூட்டர் வேலை. மாதம் ஒரு முறை வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் ரயில் ஏறி, காலையில் பெங்களூரில் இறங்கி, அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் ராமநகரத்துக்குப் போவோம். 1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் குடியிருந்தானே, அந்தப் பாறைகள்தான். அவற்றின் வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம் என்கிறார்கள் பூகர்ப்ப சாஸ்திரிகள். கழுகுகளுக்கென்று 2012-ல் சரணாலயமாக்கிய குன்றின் பக்கம் நாங்கள் போவதில்லை. அவை நமக்கு முந்திய குடித்தனக்காரர்கள்.

பாறை ஏறுவதென்றால் குரங்கு மாதிரித் தாவுவது என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பில் ஒரு வார். அதில் எட்டு வடிவில் முடிச்சிட்ட கயிறு. கயிற்றின் மறுபாதி கீழே நிற்கும் நண்பர் கையில். நீங்கள் ஏற ஏற அவர் கயிற்றைச் சரிசெய்துகொண்டே இருப்பார். கால் வழுக்கினால் இறுக்கிப் பிடித்துவிடுவார். விரல் வியர்க்காமலிருக்க வெள்ளைப் பொடி. ராமநகரத்துப் பாறைகளில் பல இடங்களில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இராது. வழவழவென்று சரிந்திருக்கும். பயத்தில் பாறையைக் கட்டிக்கொண்டால் கால் வழுக்கும். உடம்பைத் தள்ளி, பாரம் முழுவதும் பாதத்தில் இறங்கும்படி நின்றால் செருப்பின் ரப்பர் பிடித்துக்கொள்ளும். இதை மனசு நம்புவதற்குத்தான் ஆறு மாதம் பிடிக்கிறது.

என் தாயாரின் அபிப்பிராயம் வேறு.

"மேலே கோயிலாவது இருக்கா?"

"பக்கத்துக் குன்றில் இருக்கும்மா."

"அதுக்குப் படி?"

"படியும் இருக்கு."

"படி இருக்கிறப்போ பாறையிலே எதுக்குடா தொங்கறே?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் நான் வீடு திரும்பும்போது வாசற்கதவருகே காத்திருப்பது மணி. பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில், தேங்காய் மூடியளவு இருந்தபோது தானாக வந்து சேர்ந்த நாட்டு நாய். என்னை வரவேற்பதை விட என் கயிற்றுப் பையை வரவேற்பதில்தான் அதற்கு அக்கறை. நுனியிலிருந்து நுனிவரை மோந்து பார்க்கும். வெள்ளைப் பொடி மூக்கில் ஏறி நாலு தும்மல் போடும். பிறகுதான் எனக்கு உள்ளே வர அனுமதி.

இந்த வருஷம் அதற்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வயதான நாய்களுக்கு வருவதுதான் என்றார் கால்நடை டாக்டர். ஒன்பது நாள் ஸலைன் ஏற்றினோம். அம்மா ஸ்பூனால் கஞ்சி புகட்டினாள். பத்தாவது நாள், புதன்கிழமை விடியுமுன் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் வாங்கியிருந்தோம். காஷியர் யாரையும் கேட்காமல் நாலு டிக்கெட்டையும் ரத்து செய்தார். கணக்கு வாத்தியார் கடப்பாறையோடு வந்து, கொல்லையில் மாதுளைச் செடியருகே குழி தோண்டினார். இரண்டு பேரும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறுதல் சொன்னது அடுத்த வீட்டுக்காரர்தான்: "அதுக்கென்ன ஸார், வேறே ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு!" நல்ல மனிதர். கெடுதலாக எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் அப்பா அன்று முழுவதும் மணியின் அலுமினியத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதும், மறுபடி எடுத்துக் கழுவுவதுமாக இருந்தார்.

மலையேறிகள் நாயை எப்படி மதித்தார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1868-ல் கூலிட்ஜ் என்ற பதினேழு வயது அமெரிக்கப் பையன் ஸ்விட்ஸர்லாந்தில் ஐகர் சிகரத்தில் ஏற முடியாமல் திரும்பி வந்தான். முகம் வாடி நின்றவனைத் தேற்ற, அவனுடைய வழிகாட்டி கிறிஸ்டியன் அல்மர் தன் பெண் நாயையே கொடுத்துவிட்டார். பெயர் சிங்கெல், அது குட்டியாகக் கடந்த ஒரு கணவாயின் பெயர். பிறகு எட்டு வருஷத்துக்கு மேல் கூலிட்ஜும், அவனுடைய அத்தை மெட்டா பிரெவோர்ட்டும், அந்த நாயும் ஆல்ப்ஸ் மலைகளில் சேர்ந்தே திரிந்தார்கள். பெரிய சிகரங்களும் கணவாய்களுமாக அறுபதுக்கு மேல் அது ஏறியது. 1875-ல் மான்ட் பிளாங்க் உச்சியையும் தன் காலாலேயே நடந்து எட்டியது. பனியில் பாதம் கிழிகிறதே என்று அத்தை தோல் பூட்ஸ் தைத்துப் போட்டாள், உதறி எறிந்துவிட்டது. களைப்புக்குச் சிவப்பு ஒயினும் நீர்த்த தேநீரும் குடிக்குமாம். லண்டன் ஆல்பைன் கிளப் சிங்கெலைக் கௌரவ அங்கத்தினர் ஆக்கியதாகச் சொல்வார்கள். அதே கிளப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1970-களில்தான். அத்தைக்கு வெளியே இடம், அவள் நாய்க்கு உள்ளே!

அத்தை 1876-ல் காலமானாள். சிங்கெல் 1879-ல் இங்கிலாந்தில், சமையலறை அடுப்பின் முன் தூங்கியபடியே போயிற்று. கூலிட்ஜ் பிற்காலத்தில் பெரிய மலை ஆராய்ச்சியாளர் ஆனார். சண்டைக்காரர் என்றும் பெயர். நாயின் வாழ்க்கை வரலாற்றை மட்டும் உட்கார்ந்து எழுதினார்.

வெள்ளைக்காரர் பழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் இருக்கிறது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அதன் பெயர் கோவிவன் என்றும் வெட்டியிருக்கிறார்கள். கர்நாடகத்து ஆதகூர்க் கல் அதற்கு மூன்று நூற்றாண்டு பிந்தியது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்தானே, அந்தச் சமயத்தில் எதிர்த்தரப்பில் நின்ற மணலேரன் என்ற வீரனை, "என்ன வேண்டும், கேள்!" என்றார்கள். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் ஒரு குன்றில் பெரிய காட்டுப்பன்றியோடு பொருதி, இரண்டும் மாண்டன. அதற்குக் கல் நட்டு, நிலம் விட்டு, பூசாரி அந்தக் கல்லைப் பூஜிக்காமல் சாப்பிடக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். கல் இப்போது பெங்களூர் அரசாங்க மியூஸியத்தில் இருக்கிறது. ராமநகரம் போகிற வழியில் நாங்கள் அதைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை, மணி போய் ஐந்தாவது வாரம்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். போர், சோழன் எல்லாம் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நாயோட பேரையும் கல்லிலே வெட்டியிருக்கானா?"

"வெட்டியிருக்கான்."

"பன்றி எத்தனை பெரிசு?"

"படத்திலே நாயைவிடப் பெரிசாத்தான் இருக்கு."

"பாவம்" என்றாள். நாயைச் சொன்னாளா, பன்றியைச் சொன்னாளா, தெரியாது. கயிற்றுப் பையை ரேழியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, தோசைக்கு அடுப்பு மூட்டப் போனாள்.